துக்கத்துக்கு வயது வரம்பு

1

1960 மார்ச் மாதக் கடைசியில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தாள். பெயர் பிரெண்டா லீ. நான்கடி ஒன்பது அங்குல உயரம். பாட்டின் பெயர் ‘ஐ ஆம் சாரி’. மெதுவான தாளம், பின்னணியில் வயலின்கள், கூடவே ஒரு சிறு கோரஸ். நடுவில் ஓரிடத்தில் அவள் பாடுவதை நிறுத்திவிட்டு வரிகளைப் பேசுகிறாள். மூன்று நிமிடம்கூட வராத பாட்டு.

அதை வெளியிட டெக்கா நிறுவனம் தயங்கியது. மெட்டிலோ குரலிலோ அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை. கைவிட்டுப்போன காதலைப் பற்றிப் பாடுகிற அளவுக்கு 15 வயதுப் பிள்ளைக்குப் பக்குவம் ஏது, கேட்கிறவர்கள் நம்புவார்களா என்பதுதான் தயக்கம். கடைசியில் வெளியிட்டார்கள். அதுவும் ‘தட்ஸ் ஆல் யூ காட்டா டூ’ என்கிற துள்ளலான பாட்டுக்குப் பின்பக்கமாக. அந்த வருட ஜூலையில் பின்பக்கத்துப் பாட்டு பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

வியாபாரக் கணக்கில் தயக்கம் தோற்றது, சரி. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி இன்னும் தோற்கவில்லை. அது நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. துக்கப்படுவதற்கு ஒரு குறைந்தபட்ச வயது உண்டா? ஓட்டுப் போட, வண்டி ஓட்ட, கல்யாணம் பண்ண வயது வைத்திருக்கிறோம். அதுமாதிரி நெஞ்சு உடைவதற்கும் ஒரு வயது இருக்கிறதா? அதற்கு முன்னால் உடைந்தால் அது உடைந்ததாகக் கணக்கில் வராதா?

2

டெக்கா நிறுவனத்தின் தயக்கத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஒரு பழைய, கௌரவமான தத்துவப் பின்புலம் இருக்கிறது. அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் ஒரு நுட்பமான கவனிப்பை வைக்கிறார். இளைஞர்கள் கணிதத்தில் வல்லவர்களாகிவிடலாம், ஆனால் வாழ்க்கையைப் பற்றிய விவேகம் அவர்களிடம் இருப்பதில்லை, ஏனென்றால் அதற்கு அனுபவம் வேண்டும், அனுபவத்துக்குக் காலம் வேண்டும். பேச்சுக்கலை பற்றிய நூலில் இன்னும் ஒரு படி போகிறார். இளையவர்களின் ஆசைகள் கடுமையானவை, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடுபவை, நோயாளிக்கு வருகிற பசியும் தாகமும் மாதிரி என்கிறார்.

இதை முழுக்க மறுக்க எனக்கு மனமில்லை. 16 வயதில் ‘இனிமே என் வாழ்க்கையே இல்ல’ என்று சொன்ன எத்தனை பேர் இன்று பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறார்கள்! ஆறிப்போகும் என்பது உண்மை.

ஆனால் அரிஸ்டாட்டில் சொன்னதை உற்றுப் பார்த்தால், இளையவர்களிடம் இல்லை என்று அவர் சொல்வது விவேகம். உணர்ச்சி இல்லை என்று அவர் சொல்லவே இல்லை, கடுமையாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார். நாம்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். ‘உனக்கு அதைப் பற்றித் தெரியாது’ என்பதில் தொடங்கி ‘உனக்கு அது வரவே இல்லை’ என்பதில் போய் நிற்கிறோம். பல்வலியைப் பற்றிப் பல் மருத்துவருக்கு நிறையத் தெரியும். வலி நாற்காலியில் படுத்திருப்பவருக்கு.

நாற்பது வயதுக்காரருக்கும் 15 வயதுக்காரிக்கும் என்னதான் வித்தியாசம்? நாற்பது வயதுக்காரர் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை விழுந்து எழுந்திருக்கிறார். இதுவும் போகும் என்பதற்கு அவர் கையில் ஆதாரம் இருக்கிறது. அது ஒரு சேமிப்பு மாதிரி, கஷ்ட காலத்தில் எடுத்துச் செலவு செய்யலாம். 15 வயதுக்காரிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. இது போகும் என்று பிறர் சொல்லித்தான் கேள்வி, தனக்கு நடந்து பார்த்ததில்லை. அப்படியென்றால் முதல் துக்கம்தானே எல்லாவற்றிலும் பெரியது? அளவால் இல்லாவிட்டாலும், அதைத் தாங்கப் பிடிமானம் எதுவும் இல்லாததால். அனுபவம் இல்லை என்கிற அதே காரணத்தை வைத்து நாம் அவள் துக்கத்தைச் சின்னதாக்குகிறோம். நியாயமாகப் பார்த்தால் அந்தக் காரணம் அதைப் பெரிதாக்க வேண்டும்.

3

இனி அந்தக் குறிப்பிட்ட பெண்ணுக்கு வருகிறேன். பிரெண்டா 1944 டிசம்பரில் அட்லாண்டாவில் பிறந்தவர். வறுமையான குடும்பம். 1953இல் கட்டட வேலையில் நடந்த விபத்தில் அப்பா இறந்துபோனார். பத்து வயதாகும்போது உள்ளூர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மேடைகளிலும் அந்தச் சிறுமி பாடிக் கொண்டுவந்த பணம்தான் குடும்பத்தின் முக்கிய வருமானம். டெக்காவோடு ஒப்பந்தம் ஆனபோது வயது 11.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளைக்குக் குடும்பத்தைச் சுமக்கிற வயது வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் இரவு நிகழ்ச்சிகளில் நின்று பாடுகிற வயது வந்துவிட்டது. இழப்பைப் பற்றிப் பாடுகிற வயது மட்டும் வரவில்லையாம். உழைப்புக்கு ஒரு அளவுகோல், துக்கத்துக்கு வேறொன்று.

இதில் அந்தக் கம்பெனி மட்டும் விசேஷமில்லை. பெரியவர்களின் உலகமே இளையவர்களிடம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ‘உன் வாழ்க்கையே இதுலதான் இருக்கு, பொறுப்பா இரு’ என்கிறோம். அதே பிள்ளை ஒருவருக்காக அழுதால் ‘உனக்கென்ன வயசாச்சு’ என்கிறோம். பயன்படும் இடத்தில் வளர்ந்த ஆள், தொந்தரவு தரும் இடத்தில் குழந்தை.

டெக்காவின் தயக்கத்தில் நல்லெண்ணமும் கலந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். சின்னப் பெண்களை நிறுத்தி வைத்து, பெரியவர்களின் ஆசைகளை அவர்கள் வாயில் போட்டு விற்ற வரலாறு பாப் இசைக்கு நிறையவே உண்டு. அது பற்றிய எச்சரிக்கை எப்போதும் தேவை. ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘இதைப் பாடுவதால் இவளுக்கு என்ன ஆகும்?’ என்பது. டெக்கா கேட்டது ‘இவள் பாடினால் எடுபடுமா?’ என்பதை. முதல் கேள்வியில் அந்தப் பெண் மீது அக்கறை இருக்கிறது. இரண்டாவதில் சந்தேகம் மட்டும்தான்.

4

இந்தப் பாட்டை எழுதியது பிரெண்டா இல்லை. ரானி செல்ஃப் என்கிற இளம் பாடகரும், பிரெண்டாவின் மேனேஜர் டப் ஆல்பிரிட்டனும் எழுதியதாகப் பதிவு. ஆக வரிகள் ஆண்களுடையவை, குரல் ஒரு சிறுமியுடையது. அப்படியென்றால் அதில் இருக்கும் துக்கம் யாருடையது?

திதரோ என்கிற பிரெஞ்சுச் சிந்தனையாளர் நடிகர்களைப் பற்றி ஒரு விசித்திரமான வாதத்தை எழுதி வைத்தார். சிறந்த நடிகர் மேடையில் எதையும் உணர்வதில்லை, உணர்கிறவர் இன்று நன்றாகவும் நாளை மோசமாகவும் நடிப்பார், குளிர்ந்த தலையோடு கவனித்துச் செய்கிறவர்தான் தினமும் அழவைப்பார் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதை ஏற்றால் டெக்காவின் கேள்வியே அடிபட்டுப்போகும். அனுபவமே வேண்டாம், திறமை போதும்.

எதிர்க்கட்சியில் டால்ஸ்டாய் இருக்கிறார். 1898இல் வெளிவந்த தன் கலை பற்றிய நூலில், கலைஞன் தான் உணர்ந்ததைப் பிறருக்குத் தொற்றவைப்பதுதான் கலை என்கிறார். அதற்கு ஓர் உதாரணம் தருகிறார். ஒரு பையன் காட்டில் ஓநாயைப் பார்த்துப் பயந்துவிடுகிறான். ஊருக்கு வந்து அதைச் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கும் அந்தப் பயம் வந்தால் அது கலை. இங்கேயே நிறுத்தியிருந்தால் அவர் டெக்காவின் வக்கீல் ஆகியிருப்பார். ஆனால் தொடர்ந்து சொல்கிறார்: அந்தப் பையன் ஓநாயைப் பார்த்ததே இல்லை, ஆனால் ஓநாய்ப் பயம் அவனுக்கு அடிக்கடி வந்திருக்கிறது, அந்தப் பயத்தைப் பிறருக்குத் தர ஒரு கதையைக் கட்டிச் சொல்கிறான் என்றால் அதுவும் கலைதான்.

எனக்கு இந்த இரண்டாவது பையன்தான் முக்கியம். அவனுக்கு ஓநாயைத் தெரியாது, பயத்தைத் தெரியும். 15 வயது பிரெண்டாவுக்குக் காதலன் என்கிற ஓநாயைத் தெரிந்திருக்குமோ இல்லையோ, ஒருவர் இருந்த இடம் காலியாகிப்போவது எட்டு வயதிலேயே தெரியும். மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லாமல் போவது என்றால் என்ன என்பது அப்பாவை இழந்த பிள்ளைக்குத் தெரியாதா? அவர் பாடும்போது அதைத்தான் நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த உணர்ச்சிக்கும் ஒரே ஒரு வாசல்தான் என்று நினைப்பது தவறு என்கிறேன். காதல் தோல்விக்குள் காதல் வழியாக மட்டும்தான் நுழைய முடியும் என்றில்லை.

இதற்குச் சாட்சியாக இன்னும் இரண்டு பெண்களைச் சொல்லலாம். இங்கிலாந்தில் கேட் புஷ் ‘த மேன் வித் த சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்’ பாட்டை எழுதியபோது வயது 13. 16 வயதில் பதிவு செய்தார். 1978இல் தனிப்பாடலாக வந்து, அடுத்த வருடம் சிறந்த பாடல் வரிகளுக்கான ஐவர் நோவெல்லோ விருது வாங்கியது. அமெரிக்காவில் டெபி கிப்சன் 1988இல், 17 வயதில், தானே எழுதி, தானே தயாரித்து, தானே பாடிய ‘ஃபூலிஷ் பீட்’ என்கிற சோகப்பாட்டோடு ஹாட் 100இன் முதலிடத்துக்குப் போனார். இந்த இரண்டிலும் ‘எழுதிக் கொடுத்தது பெரியவங்க’ என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இலக்கிய வாசகர்களான நாம் இந்த விஷயத்தில் ரொம்ப நேர்மையானவர்களும் இல்லை. துர்கனேவின் ‘முதல் காதல்’ 1860இல் வந்தது, பிரெண்டாவின் பாட்டுக்குச் சரியாக நூறு வருடம் முன்னால். 16 வயதுப் பையனின் காதலும் அடிபடலும்தான் கதை. அதைப் பேரிலக்கியம் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கதையைச் சொல்வது நாற்பது வயதான மனிதர். வளர்ந்த ஆண் திரும்பிப் பார்த்து எழுதினால் இலக்கியம், அந்த வயதுப் பெண்ணே அந்த வயதில் நின்று பாடினால் டீன் பாப். துக்கம் ஒன்றுதான், சொல்கிறவரின் வயதுதான் அதற்கு மதிப்புப் போடுகிறது.

5

61 வருடம் தள்ளி வருவோம். 2021 ஜனவரி 8ஆம் தேதி ஒலிவியா ரோட்ரிகோவின் ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’ வெளியானது. அவருக்கு வயது 17. டேன் நைக்ரோவோடு சேர்ந்து எழுதியது. லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஓட்டிக்கொண்டு போக வேண்டிய வீடுதான் இப்போது தன்னுடையதாக இல்லை என்கிற சின்ன விஷயம். பாட்டு நேராக முதலிடத்தில் இறங்கி எட்டு வாரம் நின்றது.

இந்த முறை யாரும் ‘இந்த வயசுல என்ன துக்கம்’ என்று கேட்கவில்லை. முன்னேறிவிட்டோமே என்று சந்தோஷப்படுவதற்குள் வேறொரு கேள்வி வந்தது: ‘யாரைப் பற்றி?’ அந்தப் பையன் யார், பாட்டில் வருகிற இன்னொரு பெண் யார், எந்தத் தேதியில் பிரிந்தார்கள், எந்தப் படத்தில் சேர்ந்து நின்றார்கள் என்று இணையம் முழுக்கத் துப்பறியத் தொடங்கியது. பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தப் பெயருக்குரியவர்களும் 20, 21 வயதுக்காரர்கள். அவர்கள் மேல் வசை மழை. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரைக்கு அவை தேவையில்லை, பாட்டுக்கும் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

1960இல் கேட்டது: ‘நீ இதை உணர்ந்திருக்கவே முடியாது, உன்னை எப்படி நம்புவது?’ 2021இல் கேட்டது: ‘நீ உணர்ந்தாய் என்பதற்குச் சாட்சி எங்கே?’ எதிரெதிராகத் தெரிகிற இந்த இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி. இரண்டுமே ஓர் இளம்பெண்ணின் குரலை அப்படியே ஏற்க மறுக்கின்றன. ஒன்று வயதுச் சான்றிதழ் கேட்கிறது, இன்னொன்று சம்பவச் சான்றிதழ் கேட்கிறது.

நம் அகப்பாடல் மரபு இந்த விஷயத்தில் கறாரானது. தலைவன், தலைவி, தோழி எவருக்கும் இயற்பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் வந்துவிட்டால் அது அகம் ஆகாது. இலக்கணம் படிக்கும்போது இது வெறும் விதியாகத்தான் தெரிந்தது. ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’ பாட்டுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு இதில் ஓர் அறமும் இருப்பதாகப் படுகிறது. பெயர் இல்லாதபோது அந்தத் துக்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பெயர் வந்ததும் அது வழக்கு ஆகிவிடுகிறது. கேட்கிறவன் நீதிபதி ஆகிவிடுகிறான். பிறகு யாரோ ஒருவருக்குத் தண்டனை கொடுத்தே ஆக வேண்டும்.

6

‘ஐ ஆம் சாரி’ பாட்டில் என்னை இவ்வளவு யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. வரியாக எழுதாமல் சாரத்தை மட்டும் சொல்கிறேன். இளமையில் தவறுகள் சகஜம் என்று எதிரில் இருப்பவர் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவள் அதை ஏற்க மறுக்கிறாள். சகஜமாக இருக்கலாம், ஆனால் செய்த தவறு அதனால் சரியாகிவிடாது என்கிறாள்.

15 வயதுப் பெண் பாடுவதால்தான் இந்த இடத்துக்கு இத்தனை பலம். அவளுக்கு ஒரு சலுகை நீட்டப்படுகிறது: சின்னப் பெண்தானே, விட்டுவிடு. அவள் அதை வேண்டாம் என்கிறாள். நான் செய்தது நான் செய்ததுதான், என்னைக் கணக்கில் எடுத்துக்கொள் என்கிறாள். 35 வயதுப் பாடகி இதைப் பாடியிருந்தால் நினைவுகூர்தல் ஆகியிருக்கும். இங்கே அது நேருக்கு நேர் ஒரு கோரிக்கை.

பி.எஃப். ஸ்ட்ராசன் என்கிற ஆங்கிலத் தத்துவவாதி 1962இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், மனிதர்களிடம் நாம் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம் என்கிறார். ஒன்று, சக மனிதராக. அவர் மேல் கோபம் வரும், நன்றி வரும், மன்னிப்போம், மன்னிப்புக் கேட்போம். இன்னொன்று, விலகி நின்று பார்ப்பது. அப்போது அவர் நாம் சமாளிக்க வேண்டிய, பக்குவமாகக் கையாள வேண்டிய ஒரு விஷயம், அவ்வளவுதான். அவரோடு சண்டை போட முடியும், ஆனால் வாதாட முடியாது. சின்னக் குழந்தைகளை வளர்ப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் ஸ்ட்ராசன் கவனித்திருக்கிறார்.

‘இந்த வயசுல இதெல்லாம் வரும், போயிடும்’ என்பது அந்த இரண்டாவது பார்வை. காய்ச்சலைப் பற்றிப் பேசுகிற தொனி அது. சொல்கிற செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது நாம் எதிரில் அழுகிறவரிடம் பேசவில்லை, அவரைப் பற்றிப் பேசுகிறோம். அவர் முகத்துக்கு நேராகவே.

போன வருடம் என் அக்கா மகள் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பதினொன்றாம் வகுப்பு. காதல் கீதல் எதுவும் இல்லை, ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த தோழி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். என் அம்மா வழக்கம்போல, “ஏட்டி, இந்த வயசுல என்ன பெரிய துக்கம்? எந்திச்சு வந்து சாப்பிடு” என்றார். அவள் தலையைத் தூக்காமல், “ஆச்சி, தாத்தா செத்தப்ப நீங்க அழுதீங்கல்ல, யாராவது உங்க வயசக் கேட்டாங்களா?” என்றாள். அம்மா பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அந்தப் புள்ள பேரு என்ன சொன்ன?” என்று மட்டும் கேட்டார். பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

‘போயிடும்’ என்கிற வார்த்தையை அம்மா அன்று சொல்லாமல் விட்டாரா, கடைசியில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் தவறில்லை. சாவு வீட்டிலும் காலம் ஆற்றும் என்று சொல்கிறோம். ஆனால் வாசலில் நின்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. உள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, இருக்க வேண்டிய நேரம் இருந்துவிட்டுச் சொல்கிறோம். பெரியவர்களின் துக்கத்துக்குக் கொடுக்கிற அந்த வரிசையை இளையவர்களுக்குக் கொடுப்பதில்லை. அவர்களிடம் முதல் வாக்கியமே ‘போயிடும்’.

இதில் பணயமாக இருப்பது சின்ன விஷயமில்லை. நம் நாளிதழ்களில் உள்பக்கத்தின் ஓரத்தில் நாலு வரிச் செய்தியாக முடிந்துபோகும் பிள்ளைகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல் இருக்கும். அந்த இரண்டு சொல்லும் அவ்வளவு அற்பமாகத் தெரிவதால்தான் செய்தியும் நாலு வரியில் முடிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டோ ஒரு பேச்சோ மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் துக்கம் துக்கமாகவே எண்ணப்படவில்லை என்பது துக்கத்துக்கு மேல் இன்னொரு துக்கம். அந்த இரண்டாவதை நாம்தான் கொடுக்கிறோம், நிறுத்துவதும் நம் கையில்தான் இருக்கிறது.

7

பிரெண்டா லீயின் கதையில் ஒரு பின்குறிப்பு உண்டு. 1958இல், 13 வயதில், அவர் ‘ராக்கின் அரௌண்ட் த கிறிஸ்மஸ் ட்ரீ’ என்று ஒரு குதூகலப் பாட்டைப் பாடினார். வந்தபோது பெரிதாக எடுபடவில்லை. பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் மெல்ல மெல்ல வளர்ந்து, 2023 டிசம்பரில் ஹாட் 100இல் முதலிடத்துக்கு வந்தது. அப்போது அவருக்கு 78 வயது. அந்த வருடம் அதற்குப் புதிதாக ஒரு வீடியோவும் எடுத்தார்கள். பாட்டியம்மா சிரித்தபடி வாயசைக்கிறார், வெளியே வருவது 13 வயதுக் குரல்.

78 வயதில் இந்தக் குதூகலம் உங்களுக்கு நிஜமாகவே வருகிறதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அநாகரிகமாக இருந்திருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு வயது பார்க்காமல் எல்லோரும் ஆடினார்கள். 1960இல் அந்தப் பெண்ணின் வருத்தத்துக்கும் கேட்பவர்கள் இதைத்தான் செய்தார்கள். தயங்கியது கம்பெனிதான். தட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைக் கேட்டவர்கள் தயங்கவில்லை. அவர்களில் பலருக்கும் அவள் வயதுதான் இருந்திருக்கும்.